ஊராட்சியும் தாட்சணியமும்

பிரதேச சபைத் தவிசாளர் ஒருவர் காலையில் தம் வீட்டுப் படலையைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே அவருடைய பெரியம்மா நிற்கிறார். அவர் கேட்க வந்தது பெரிய காரியமன்று. “தம்பி, மழை பெய்தால் எங்கட ஒழுங்கையாலை நடக்கேலாது. ஒரு லோட் கல்லுப் பறிச்சுவிட்டால் சபைக்கு என்ன குறைஞ்சிடும்?” என்கிறார். தவிசாளரைச் சிறு வயதில் இடுப்பில் சுமந்து திரிந்தவர் அவர். தேர்தல் நாளில் முழங்கால் வலியோடு நடந்து சென்று வாக்களித்தவரும் அவரே.

உண்மையில் ஒரு லோட் கல்லினால் சபைக்கு அதிகம் குறைந்துவிடாது. ஆயின், திருத்தவேண்டிய வீதிகளின் பட்டியலில் அந்த ஒழுங்கை பதினேழாவதாக இருக்கிறது. முதலாவதாக இருப்பது, பாடசாலைப் பிள்ளைகள் கடந்து செல்லும் உடைந்த மதகு ஒன்று. அந்த மதகடியில் தவிசாளருக்கு உறவினர் எவருமில்லர்.

உள்ளூராட்சியில் நல்ல தலைமை என்பது யாது என்ற வினா, மாநாட்டு மேடைகளில் எழுவதைக் காட்டிலும் இத்தகைய படலைகளிலேயே கூர்மையாக எழுகின்றது. நாட்டின் அமைச்சர் ஒருவர் தாம் ஆளும் மக்களுள் பெரும்பாலோரை நேரிற் கண்டறியார். பிரதேச சபை உறுப்பினரோ தம் வட்டாரத்து மக்களோடு ஒரே கோயிலில் வழிபட்டு, ஒரே சந்தையில் மரக்கறி வாங்கி, ஒரே செத்தவீட்டில் வாங்கில் அமர்ந்திருப்பவர். அவருக்கு வரும் சோதனை பெரும்பாலும் பணப்பொதியின் உருவில் வருவதில்லை. அறிந்த முகத்தின் உருவில் வருகின்றது. அதனைத் தமிழர் தாட்சணியம் என்பர். முகத்தாட்சணியம் என்று விரித்துச் சொல்வதும் உண்டு. ஒருவர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லக் கூசும் மனநிலை அது.

வீட்டிலும் உறவிலும் தாட்சணியம் ஓர் அழகே. அஃது இல்லாதவனை ஊர் விரும்புவதில்லை. வள்ளுவரும் கண்ணோட்டத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் கடமைக்கு ஊறு நேராத கண்ணோட்டத்தையே அவர் அங்கே வேண்டினார். பொதுப்பணத்தைக் கையாளும் இடத்தில் அந்த வரம்பு மறக்கப்படுமாயின், இரக்கமாகத் தொடங்கியது அநீதியாக முடிகின்றது. இலஞ்சம் வாங்குபவன் தான் தவறு செய்வதை அறிவான், ஆதலால் மறைக்கிறான். தாட்சணியத்துக்கு இணங்குபவனோ தான் நன்மை செய்ததாகவே நம்பிக்கொள்கிறான். ஊராட்சியைக் கெடுப்பதில் இரண்டாவது வகையே கூடுதலான வலிமையுடையது எனலாம்.

இந்த உண்மையைத் தமிழ்கூறும் நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஊரவை நன்குணர்ந்திருந்தது. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் வாரியப் பெருமக்களை எவ்வாறு தெரிவது என்பதை அவை விதித்துரைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வற்சர வாரியம் என வாரியங்கள் பல. பதவிக்காலம் 360 நாள்கள். 921ஆம் ஆண்டின் விதிப்படி 35 வயதுக்கு மேற்பட்டவராயும் 70 வயதுக்குட்பட்டவராயும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராயும், கல்வியுடையவராயும் இருப்பவர் பெயரே ஓலையில் எழுதப்படும். கடந்த மூன்றாண்டுகளுள் பதவி வகித்தவர் பெயர் எழுதப்படலாகாது.

இவற்றைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது மற்றொரு விதி. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவர் மட்டுமல்லர், அவருடைய தாயின் சகோதரிகளின் மக்கள், தந்தையின் சகோதரியின் மக்கள், மாமன், மைத்துனன், மருமகன் என்று கல்வெட்டு ஒரு நீண்ட உறவுமுறைப் பட்டியலையே தருகின்றது. அவர்கள் அனைவருடைய பெயர்களும் விலக்கப்பட்டன. ஒருவன் செய்த குற்றத்துக்கு மைத்துனனைத் தண்டிப்பது இக்கால நீதிக்கு ஒவ்வாது. எனினும், அவ்வூரார் எதற்கு அஞ்சினர் என்பது இதனால் விளங்குகின்றது. கணக்குக் காட்டாதவன் விலகிச் சென்று, தன் மைத்துனனைப் பதவியில் அமர்த்தி, அவன் கையாலேயே பழைய கணக்கை மூடிவிடுவான் என்பதை அவர்கள் கண்டறிந்திருக்கவேண்டும். கண்டறியாத ஒன்றுக்கு ஊரார் கல்லில் விதி வெட்டுவதில்லை.

தெரிவு நடைபெற்ற முறையும் அத்தகையதே. ஓலைகள் இடப்பட்ட குடத்தை, சபையோர் அனைவரும் காண, வயதில் மூத்த நம்பி ஒருவர் தூக்கிக் காட்டுவார். சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனைப் பெறும் நடுவர் தம் ஐந்து விரல்களையும் விரித்து, திறந்த உள்ளங்கையிலேயே வாங்கவேண்டும். விரல் மடங்கினால் வேறோர் ஓலை மறைந்திருக்கக்கூடும் அன்றோ? பின்னர் அவ்வோலையைப் பலரும் உரக்கப் படிப்பர். நடுவர் நல்லவரா தீயவரா என்று கல்வெட்டு ஆராயவில்லை. அவர் கை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை மட்டுமே வரையறுத்தது.

இவ்வூரவையைப் பொற்கால மக்களாட்சி என்று மேடைகளிற் புகழ்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அப்புகழ்ச்சி முழுதும் பொருந்தாது. அது பிராமணர்க்குரிய ஊர். நிலமுடைய பிராமண ஆடவர்க்கே அங்கே இடம் இருந்தது. வயலில் உழுதவர்க்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்ட பின்னரும், கணக்கையும் உறவையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்த அவர்களது கூர்மை பாராட்டுக்குரியதே.

இலங்கையின் கதை வேறு வழியிற் சென்றது. இங்கே கிராமத்தின் பொதுவாழ்வுக்கு அடிப்படையாக இருந்தது குளம். குளக்கட்டைக் காப்பதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் ஊராரின் கூட்டுக் கடமைகளாக இருந்தன. 1832ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சி இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. மனிதனைக் கட்டாயத்தினின்றும் விடுவித்த அச்செயல் நன்றே. ஆயின், அதனோடு சேர்ந்து குளத்தைப் பேணுவதற்கு ஊராரை ஒன்றுகூட்டும் அதிகாரமும் தளர்ந்தது. குளங்கள் தூர்ந்தன. பின்னர் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெல்வயல்கள் பற்றிய பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலிமை அளித்தது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கிராமச் சபைகளுக்கு இடமளித்தது. நகரங்களின் வரலாறு சற்று முந்தியது. கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களின் மாநகர சபைகள் 1865ஆம் ஆண்டின் சட்டத்தினாலே தோன்றின. ஆயினும், கொழும்பு தன் முதல் மேயரைத் தெரிந்தெடுக்க 1937 வரை காத்திருந்தது. அவ்வாண்டில் அப்பதவியை ஏற்றவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. அதற்கு முன்னர்த் தலைமைக் கதிரை அரசாங்க உத்தியோகத்தருக்கே உரியதாயிருந்தது.

அந்தப் பழைய குளத்து வழக்கங்களுள் ஒன்று இன்றைய சபைகள் ஊன்றி நோக்கத்தக்கது. உலர்வலயத்துச் சிங்களக் கிராமங்களில் அதற்குப் ‘பெத்ம’ என்று பெயர். மழை பொய்த்துக் குளத்தில் நீர் குறைந்த போகத்தில், முழு வயலுக்கும் தண்ணீர் போதாது. அவ்வேளையில் கமக்காரர் ஒன்றுகூடுவர். ஒவ்வொருவர் வயலுக்கும் கொஞ்சங் கொஞ்சமாக நீர் பாய்ச்சினால் எல்லாப் பயிரும் கருகிவிடும் என்பதை அவர்கள் அறிவர். ஆகையால், குளத்தை அடுத்துள்ள ஒரு பகுதியை மட்டுமே அந்தப் போகத்தில் விதைப்பர். அந்தப் பகுதியை, அதன் சொந்தக்காரர்க்கு மட்டுமே விட்டுவிடாமல், வயலில் உரிமையுள்ள அனைவர்க்கும் அவரவர் பங்கின் அளவுக்கேற்பப் பிரித்துக்கொடுப்பர். குளத்தருகே காணியுள்ளவன் தன் நிலத்தில் அயலான் ஏர் பூட்ட இடங்கொடுக்கிறான். அடுத்த போகத்தில் மழை பெய்தால் எல்லைகள் பழையபடி ஆகிவிடும்.

இதனை இக்காலச் சபை ஒன்றின் வரவுசெலவுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். புதிய தேர்தல் முறையின் கீழ் முதன்முதலாக 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. உறுப்பினரில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரங்களினின்றும் நாற்பது பேர் விகிதாசார முறையிலும் வந்தனர். நாடெங்கும் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரு மடங்காகி எண்ணாயிரத்தைக் கடந்தது. பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. இத்தகைய சபையில் ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற முயலும் தவிசாளர்க்கு இலகுவான வழி ஒன்று உண்டு. அபிவிருத்திக்கென ஒதுக்கிய தொகையை உறுப்பினர் தொகையால் வகுத்து, ஒவ்வொருவர் வட்டாரத்துக்கும் ஒரே அளவாகக் கொடுத்துவிடுவதே அவ்வழி. எவரும் முகம் சுளிக்கமாட்டார், கைகள் உயர்ந்துவிடும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சமத்துவம். உண்மையில் இது ஒவ்வொரு வயலுக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது போன்றது. பத்து வட்டாரங்களில் பத்து அரைகுறை வடிகால்கள் வெட்டப்படும். ஒன்றேனும் கடல்வரை சென்று சேராது. மாரியில் வெள்ளம் முன்போலவே நிற்கும். உடைந்த மதகை முழுதாகக் கட்டுவதற்கு ஒரு வட்டாரத்தின் பங்கு போதாது. ஆகவே அதற்குச் சீமெந்து பூசி விடுவர். எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பங்கிட்டதனால் ஒருவர்க்கும் பயனில்லாமற் போவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெத்மவை நடத்திய கமக்காரர் எழுத்தறிவில் குறைந்தவராயிருந்திருக்கலாம். முதலில் எதைக் காப்பாற்றினால் எல்லோரும் உண்ணலாம் என்று கேட்கும் அறிவு அவர்களிடம் இருந்தது.

சபையின் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் சற்று நோக்கவேண்டும். வீடு வளவுகளின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து அறவிடும் சோலைவரி, சந்தைகளின் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாண சபையின் வழியாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும், இவற்றோடு அரசாங்க நன்கொடை என்பனவே பெரும்பாலும் அதன் வருவாய். இவற்றுள் சோலைவரியே குடிமகன் நேரே தன் கையால் செலுத்துவது. அங்கேயும் தாட்சணியம் நுழைகின்றது. பெறுமதியைப் புதிதாகக் கணித்தால் ஊரார் சினப்பர் என்று அஞ்சி அதனை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடும் சபைகள் உண்டு. அதன் விளைவாக, சந்தியில் மூன்று மாடிக் கடைத்தொகுதியாக மாறிய பழைய வளவு பழைய வரியையே செலுத்த, ஒதுக்குப்புறத்தில் அண்மையில் எழுந்த சிறுவீடு புதிய கணிப்பில் வரி செலுத்தும் நிலை உண்டாகலாம். வரியை உயர்த்தாத தலைவர் இரக்கமுள்ளவர் என்று ஊர் சொல்லும். இரக்கம் யார்மீது காட்டப்பட்டது என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சட்டம் இவற்றுட் சிலவற்றை எதிர்பார்த்தே இருக்கின்றது. தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பணநலன் உள்ள விடயம் சபையில் ஆராயப்படும்போது, உறுப்பினர் ஒருவர் வாக்களிக்கவோ விவாதத்திற் கலந்துகொள்ளவோ கூடாது என்பது உள்ளூராட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி. சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்வார் என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விதிக்கின்றது. சட்டத்துக்கு மாறாகச் செலவு செய்தவர் அல்லது அச்செலவை அனுமதித்தவர், அத்தொகையைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும் எனப் பணிக்கும் வழக்கமும் பழையதே. இலஞ்சத்துக்கெதிரான தனிச் சட்டம் 1954இல் வந்தது. அதனிடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் உள்ளது. உள்ளூராட்சி உறுப்பினர் தம் சொத்து விவரங்களையும் கடன் விவரங்களையும் வெளிப்படுத்த வேண்டியவர்களே.

ஆயினும் இவ்விதிகள் அனைத்தும் பணத்தின் மேலேயே கண்ணாயிருக்கின்றன. பெரியம்மாவின் ஒழுங்கைக்குக் கல் பறிப்பதனால் தவிசாளர்க்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. தற்காலிகச் சிற்றூழியராக மச்சானின் மகனைச் சேர்ப்பதனால் அவர் பை நிறைவதில்லை. கணக்காய்வாளர் வந்து ஏடுகளைப் புரட்டினால் கல்லுக்குரிய பற்றுச்சீட்டு ஒழுங்காகவே இருக்கும். சம்பளப் பதிவில் கையொப்பமும் இருக்கும். எந்தப் பற்றுச்சீட்டும், அந்த மதகு ஏன் கட்டப்படவில்லை என்று சொல்லாது. உத்திரமேரூரார் உறவுமுறைப் பட்டியலை எழுதி அடைக்க முயன்ற வாயில் இதுவே. இன்றைய சட்டத்தில் அது பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றது. அங்கே காவல் நிற்க வேண்டியது தலைமை தாங்குவோரின் மனச்சான்றே.

மனச்சான்று மட்டும் போதுமா என்றால், போதாது. பெரியம்மா நேரில் வந்து கண்கலங்கி நிற்கும்போது, மிகுந்த நேர்மையுடையவரும் தளரக்கூடும். ஆகையால் அறிவுள்ள தலைவர், பெரியம்மா வருவதற்கு முன்னரே முடிவு செய்துவிடுகிறார். எந்த வீதி முன், எந்த வீதி பின் என்பதற்கு அளவுகோல் ஒன்றைச் சபையில் வைத்து நிறைவேற்றுகிறார்: பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ செல்லும் வழியா, எத்தனை குடும்பங்கள் பயன்படுத்துகின்றன, வெள்ளம் எவ்வளவு நாள் நிற்கின்றது என்பன போன்றவை. அந்த வரிசைப்படி எழுதிய பட்டியலைச் சபைக் கட்டிடத்தின் விளம்பரப் பலகையில் ஒட்டுகிறார். பின்னர்ப் பெரியம்மா வந்தால், “நான் மாட்டேன்” என்று சொல்லும் துன்பம் அவர்க்கு இல்லை. “உங்கட ஒழுங்கை பதினேழாவது, பெரியம்மா, முன்னுக்குப் பதினாறு கிடக்கு” என்று சொல்லலாம். உறவும் முறியவில்லை, வரிசையும் கலையவில்லை. இது பெரிய தியாகமன்று. ஒரு தாளும் சிறிது பசையுமே வேண்டும். எனினும், அந்தத் தாளை ஒட்டுவதற்குத் துணிவு வேண்டும். ஒட்டிய பின்னர்த் தாமே அதனை மாற்ற முடியாது என்பது ஒட்டுகிறவர்க்குத் தெரியும்.

கேள்விப்பத்திர விடயமும் இத்தகையதே. விலைகோரிய உறைகளைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில், விலைகோரியோர் முன்னிலையிலேயே பிரித்து, தொகைகளை உரக்கப் படிப்பது, திறந்த உள்ளங்கையின் இன்றைய வடிவமன்றி வேறன்று. பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கமக்காரர் சங்கத்தார், மாதர் சங்கத்தார் ஆகியோர் நிதிக் குழுவின் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, சிலவகைப் பேச்சுக்கள் தொடங்காமலே நின்றுவிடும். இந்த வசதியைப் போதிய அளவு பயன்படுத்தாத சபைகள் பல என்பது வருந்தத்தக்கது. பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை ஒதுக்கிய 2016ஆம் ஆண்டின் திருத்தமும் சபைகளின் முகத்தை மாற்றியது. அதற்கு முன்னர் உறுப்பினருள் பெண்கள் நூற்றுக்கு இரண்டளவே இருந்தனர். கிணற்று நீர் உவர்த்துப் போனதையும் தெருவிளக்கு எரியாத இரவையும் நன்கறிந்தவர்கள், அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் அறைக்குள் அதுவரை அரிதாகவே நுழைந்திருந்தனர்.

நல்ல ஊராட்சியின் மற்றோர் இலக்கணம், முன்னிருந்தவர் தொடங்கியதைப் பின்வந்தவர் கைவிடாமை. இதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காட்டிலும் நல்ல சான்று கூறல் அரிது. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் ஒருவர் தம் வீட்டிலிருந்து அயலவர்க்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் கைகொடுத்தனர். சிறு வாசிப்பறையாக வளர்ந்த அது பின்னர் நகர ஆட்சியின் பொறுப்பில் வந்தது. யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையாகிய பின்னர், மேயர் சாம் சபாபதியின் முயற்சியால் பெரிய கட்டிடத்துக்கான பணி முனைப்படைந்தது. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் இரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். இடையில் சபையில் ஆட்கள் மாறினர். 1959இல் கட்டிடத்தைத் திறந்துவைத்தவர் மேயர் அல்பிரட் துரையப்பா. அடிக்கல் ஒருவர் காலத்தது, திறப்புவிழா மற்றொருவர் காலத்தது. முன்னவர் பெயர் விளங்குமே என்று பின்னவர் வேலையை நிறுத்தியிருந்தால் அந்த வெண்மாடம் எழுந்திராது. பெயர்ப்பலகைக்காகவே பழைய திட்டத்தைக் கைவிட்டுப் புதிய திட்டத்துக்கு அடிக்கல் நாட்டும் சபைகள் எங்கும் உள. பாதியில் நிற்கும் சுவர்களே அதற்குச் சாட்சி.

அந்த நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. செல்லப்பாவின் வீட்டு இரவல் நூல்களிலிருந்து தொடங்கி, தலைமுறை ஒன்று சிறுகச் சிறுகச் சேர்த்து, சபை சபையாகக் கைமாற்றி வந்த பொதுச்சொத்து அது.

வடபுலத்தில் சபைத் தலைமைக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. நூலகத்தைத் திறந்த துரையப்பா, மேயராயிருந்தபோதே 1975இல் சுட்டுக்கொல்லப்பட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 1998இல் நடந்த தேர்தலில் யாழ்ப்பாணத்தின் முதற் பெண் மேயராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலேயே கொல்லப்பட்டார். அவர்க்குப்பின் வந்த மேயர் பொன். சிவபாலனும் அதே ஆண்டு செப்ரெம்பரில் உயிரிழந்தார். மக்கள் தெரிந்த சபையைத் துப்பாக்கியால் மாற்றலாம் என்ற எண்ணம் குடிபுகுந்த இடத்தில், கணக்குக் கேட்கும் குடிமகனின் குரலும் அடங்கிப்போகின்றது. அதற்குப் பின்னர் யாழ்ப்பாண மாநகரம் அடுத்த தேர்தலைக் காண 2009 வரை காத்திருந்தது.

தெரிவுசெய்யப்பட்டோர் இல்லாத காலம் போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. அதே மாதம் சபைகளின் காலம் முடிந்தது. நாடெங்கும் உத்தியோகத்தரே நிருவாகத்தை நடத்தினர். தேர்தல் நடத்தாமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024ஆம் ஆண்டு ஆகத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6ஆம் நாள் வாக்களிப்பு நடைபெற்ற பின்னரே சபை மண்டபங்களில் மீண்டும் உறுப்பினர் அமர்ந்தனர். அந்த இரண்டாண்டுகளில் குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது, கடிதங்களுக்கு மறுமொழியும் சென்றது. ஆனால், ஒழுங்கை வெள்ளத்தைப் பற்றிச் சொல்லப் பெரியம்மா தட்டுவதற்கு ஒரு படலை இருக்கவில்லை. உத்தியோகத்தர் நல்லவராயிருந்தாலும், அடுத்த தேர்தலில் அவரிடம் கணக்குக் கேட்க இயலாது. தாட்சணியத்தின் தீமையைப் பேசும்போது இதனையும் சேர்த்து எண்ணவேண்டும். முகமறிந்த ஆட்சியில் ஒரு குறை உண்டு. முகமே இல்லாத ஆட்சியில் வேறொரு குறை உண்டு. முன்னையதைத் திருத்துவதே மக்களுக்கு எளிது.

திருத்துவதற்கான கருவி ஒன்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தினால் கிடைத்துள்ளது. அடுத்த ஆண்டு பெப்ரவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பிரதேச சபையும் நகர சபையும் மாநகர சபையும் தகவல் அலுவலர் ஒருவரை நியமித்தல் வேண்டும். குடிமகன் ஒருவர் சபையின் ஒப்பந்தம் எவர்க்குச் சென்றது, எவ்வளவுக்குச் சென்றது, வீதித் திருத்தப் பட்டியல் எவ்வாறு வகுக்கப்பட்டது என்று கேட்கலாம். ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தகவல் தரப்படுமா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்கவேண்டும்.

பெரியம்மாவுக்கு மனு எழுதத் தெரியாமலிருக்கலாம். அதற்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. எழுத்தில் கேட்க இயலாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம். அவர் சொன்னதை எழுத்தில் பதிந்துகொள்வது தகவல் அலுவலரின் கடமை. ஆகவே, அடுத்த மாரிக்கு முன் அவர் படலையைத் தட்டாமல் நேரே சபைக் காரியாலயத்துக்குச் சென்று, வாங்கில் அமர்ந்து, “என்ரை ஒழுங்கை இப்ப எத்தனையாவது? அந்தப் பள்ளிக்கூடத்து மதகு கட்டி முடிஞ்சுதோ?” என்று கேட்கலாம். அலுவலர் பேனாவை எடுத்து அதனை எழுதிக்கொள்ளவேண்டும்.